கைப்பிடி இல்லாமல் போன படகு

படகுகளில் குடிதண்ணீர் பம்பும் ஃபில்டரும் மாட்டித் தருவதுதான் அவள் தொழில். துறைமுகத்தில் எல்லாருக்கும் அவள் பம்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த கேப்டன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவளும் கூசாமல் "என்ன தம்பி, தண்ணி எப்படி வருது?" என்று கேட்டுவிடுவாள். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, நீள விரல்கள், ஒரு இடத்தில் நில்லாத கால். டீக்கடையில் நின்றபடியே பாதி டீயைக் குடித்துவிட்டு, மீதியை ஆறிப்போகவிட்டு நடையைக் கட்டுவாள். அவள் கணவர் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தார்ப்பாய் தைக்கிறவர், நிதானமான மனுஷன். "உனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கினேன். அதுல நீ உக்காந்ததைவிடத் துவைச்ச துணி உக்காந்ததுதான் ஜாஸ்தி" என்பார்.

இந்தத் தொழில் அவளுக்கு அப்பன் பாட்டன் விட்டுப்போனதல்ல. இருபது வயதில் அவள் ஒரு ரப்பர் கடையில் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வாஷர் வாங்க வந்த, படகுகளில் பம்பு மாட்டுகிற பிட்டர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு புலம்பினார். படகின் தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற சந்தில் தன் கை நுழையவே மாட்டேன் என்கிறது, பலகையை உடைத்தால் படகுக்காரன் தன்னை உடைத்துவிடுவான் என்றார். இவள் தன் கையை நீட்டிக் காட்டி, இது நுழையுமா பாருங்கள் என்றாள். நுழைந்தது. அன்றைக்குச் சந்துக்குள் நுழைந்த கைதான், முப்பது வருஷமாக வெளியே வரவில்லை.

மோட்டார் பம்பு இருக்கிற காலத்தில் கைப்பம்பு எதற்கு என்று கேட்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. மோட்டார் வைத்தால் குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள், மூன்றாம் நாள் தொட்டி காலியாகும், அப்புறம் சுற்றிலும் கடலைப் பார்த்துக்கொண்டு நாக்கை நக்க வேண்டியதுதான் என்பாள். கையால் அடித்தால் கை வலிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் செலவாகும். தூரம் போகிற படகுக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். கரையோரம் சுற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களோடு அவள் மல்லுக்கு நிற்பாள்.

அவளுடைய பதற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. ரப்பர் கடையில் இருந்த காலத்தில் ஒரு படகு திரும்பி வந்தது. நடுக்கடலில் பம்பின் வாஷர் கிழிந்திருக்கிறது. தண்ணீர் ஏறவில்லை என்றதும் ஆட்கள் தொட்டியின் மூடியைத் திறந்து, கையில் கிடைத்த டீசல் குவளையை விட்டு மொண்டு குடித்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தபடியே விட்டதில் படகின் அடியில் தேங்கிய அழுக்குத் தண்ணீரும் உள்ளே தெறித்திருக்கிறது. ஏழு பேரும் வாந்தியும் பேதியுமாக வந்து இறங்கினார்கள். சமையல்காரரை மட்டும் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள், மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாஷரை எந்தக் கடையில் வாங்கினார்கள், யார் வெட்டினார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவள் மட்டும் இன்றைக்கு வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், தனக்குள்ளேயே.

அதனால் அவள் வேலையில் சில கட்டாயங்கள் உண்டு. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரை ஒரு ராத்திரி நிறுத்தி, மூன்று முறை வடித்து, பிறகுதான் நல்ல தண்ணீரை ஏற்றுவாள். மூடிக்குப் புது ரப்பர் வைத்துப் பன்னிரண்டு போல்ட்டையும் தானே முடுக்குவாள். அதற்குமேல் தண்ணீர் வெளியே வர ஒரே வழி பம்பு. பம்பிலிருந்து தூசிக்கு ஒரு நூல் ஃபில்டர், வாடைக்கு ஒரு கரி ஃபில்டர், அதைத் தாண்டித்தான் குவளை.

இன்னொரு கட்டாயம் கைப்பிடி. அவள் மாட்டுகிற பம்பில் பித்தளைத் தண்டின் முனை சதுரமாக இருக்கும், கைப்பிடி அதில் செருகி நிற்கும். பைப்பில் கை வைப்பதற்கு முன்னால் கைப்பிடியை உருவித் தன் பையில் போட்டுக்கொள்வாள். ஒருமுறை அவள் அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே எவனோ ஒருவன் தாகம் என்று வந்து பம்பை அடித்தான். அவள் முகத்தில் பாதியும் அவன் வாயில் பாதியுமாகப் போனது பிளீச்சிங் தண்ணீர். அன்றிலிருந்து வேலை முடிகிறவரை கைப்பிடி அவள் பையைவிட்டு வெளியே வராது. பைக்குள் கை விடுகிறவனை அவள் பார்க்கிற பார்வையில் அவனுக்குத் தாகமே தீர்ந்துவிடும்.

அவளுக்கு ஒரே மகள், இருபத்து மூன்று வயது. டீசல் இன்ஜின் படிக்கிறேன் என்று அது சொன்னபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் முகத்தைச் சுளிக்க, இவள்தான் முன்னால் நின்று சேர்த்துவிட்டாள். கரையில் ஏதாவது பட்டறையில் வேலை பார்க்கும், சாயங்காலம் வீடு வந்து சேரும் என்பது அவள் போட்ட கணக்கு. மகள் போட்ட கணக்கு வேறு. தீவுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற சரக்குப் படகு ஒன்றில் இன்ஜின் உதவியாளாக வேலை வாங்கிக்கொண்டு வந்து நின்றது. ஒரு நடைதான், ஒன்பது நாள்தான் என்று அப்பா சமாதானம் சொன்னார். இவள் நேரே படகுக்குப் போய், எட்டுப் பேர் குடிக்கிற தண்ணீரில் என் மகளும் ஒரு வாய் குடிக்கப்போகிறாள், தொட்டியில் வேறு எவனும் கை வைக்கக் கூடாது என்று கேப்டனிடம் சொல்லி வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அந்தப் படகில் கிடந்தாள். கிளம்புகிற அன்று காலை எல்லாம் முடிந்து, கைப்பிடியைச் செருகி, நாற்பது அடி அடித்து, முதல் குவளையைத் தானே குடித்தாள். நல்ல தண்ணீர், வாடை இல்லை. குனிந்து பார்த்தால் தொட்டியின் கீழே ஒரு இணைப்பில் ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டுதானே என்று விடுகிற ஆளா அவள். கைப்பிடியை உருவிப் பையில் போட்டுவிட்டு, ஸ்பானரோடு தொட்டியின் அடியில் நுழைந்தாள். அந்த நேரத்தில்தான் மகள் தன் பையோடு வந்து பக்கத்தில் நின்றது. அடியில் இருந்தவளுக்கு அதன் ஷூ மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா, ஒன்னு சொல்லணும். இது ஒரு நடை இல்ல. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு நடந்தது சண்டை. அடியில் கிடந்தபடியே அவள் கத்தினாள், மேலே நின்றபடியே மகள் கத்தியது. ஏமாற்றிவிட்டாய் என்றாள் இவள். சொன்னால் விடமாட்டாய் என்று தெரியும் என்றது அது. அந்தப் படகின் சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார். இவள் இணைப்பை முடுக்கி, கையைத் துடைத்து, ஸ்பானர்களை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள். போய்விட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. பெருக்கிய அறையை மறுபடி பெருக்கினாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். மிஷினில் உட்கார்ந்திருந்த கணவர், தரை தேய்ந்துவிடும், கொஞ்சம் உட்கார் என்றார். உட்காருவதற்குப் பதிலாக, ஸ்பானர்களையாவது எண்ணெய் போட்டு வைப்போம் என்று பையைத் திறந்து கவிழ்த்தாள். ஸ்பானர்களுக்கு நடுவே கைப்பிடி விழுந்தது.

பன்னிரண்டு போல்ட் போட்டு மூடிய தொட்டி, அடிக்க முடியாத பம்பு, எட்டு உயிர்கள். மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. படகுக் கம்பெனி ஆபீசுக்குப் போட்டாள். படகு பத்து மணிக்கே துறையை விட்டுவிட்டது, வெளியே நங்கூரம் போட்டு அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்கிறது, சீட்டு வந்ததும் புறப்பட்டுவிடும் என்றார் அங்கிருந்த கிளார்க். விஷயத்தை ரேடியோவில் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். அவர் சொல்லுகிற லட்சணம் அவளுக்குத் தெரியும்.

கணவர் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். இன்ஜின் படித்த பெண்தானே, பம்பின் தண்டில் ஸ்பானரை மாட்டி அடித்துக்கொள்ளாதா என்றார். அடிக்கலாம், ரெண்டு நாள் அடிக்கலாம், அதற்குள் பித்தளைத் தண்டின் மூலை தேய்ந்து ஸ்பானர் வழுக்க ஆரம்பிக்கும், அப்புறம் மூடியைத்தான் திறப்பார்கள், திறந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அவள் படபடத்தாள். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீ மறந்துதான் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டார், குரலை உயர்த்தாமல்.

அவள் கைப்பிடியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். தெருமுனையில் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது, கையைத் தட்டி நிறுத்தி ஏறினாள். உட்கார இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மெதுவாக ஏறுகிறவர்களை மனதுக்குள் வைதாள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. இந்த மனுஷன் எப்போதும் நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிடுவார். கோபத்தில் மறந்தேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லச் சொல்ல அது இன்னொருவர் சொன்ன சமாதானம் மாதிரி ஒட்டாமல் நின்றது.

துறைமுக வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். அட்டை வீட்டில். தினம் பார்க்கிற முகம்தானே, இன்றைக்கு என்ன புதிதாக அட்டை என்று அவள் சீறினாள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் அக்கா, என் வயிற்றில் அடிக்காதே என்று அவர் கெஞ்சினார். அவள் பையிலிருந்து கைப்பிடியை உருவினாள். காவலாளி அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து ரெண்டு அடி பின்னால் நகர்ந்தார். இதுதான் என் அட்டை, இது இல்லாமல் ஒரு படகு போய்விட்டது என்றாள் அவள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அவள் உள்ளே போனாள்.

படகுகளுக்கு டீசல் கொண்டுபோகிற சின்ன லாஞ்ச் படகு ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. அதன் ஓட்டுநருக்கு அவளை நன்றாகத் தெரியும். சரக்குப் படகு தன் வழியில் இல்லை, சுற்றிப் போக வேண்டும் என்று அவன் தலையைச் சொறிந்தான். உன் லாஞ்சில் பம்பு கெட்டால் நான் என்றைக்காவது வழியில் இல்லை என்று சொன்னேனா என்று கேட்டாள். அவன் கயிற்றை அவிழ்த்தான்.

அலை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. லாஞ்ச் போகிற வேகம் அவளுக்குப் போதவில்லை. முன்னால் போய் நின்றாள், பின்னால் வந்தாள், இன்ஜின் மூடியைத் தட்டிப் பார்த்தாள். ஓட்டுநர், "அக்கா, நீங்க நடக்குற நடைக்கு லாஞ்சு சாயுது, ஒரு பக்கமா நில்லுங்க" என்றான். தூரத்தில் சரக்குப் படகின் வெள்ளை மேல்தட்டு தெரிந்தது, நங்கூரச் சங்கிலி இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. உடனே இன்னொரு பயமும் வந்தது. மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது.

கயிற்று ஏணியில் ஏறி மேலே போனால் கேப்டன் சிரித்துக்கொண்டு நின்றார். கைப்பிடியைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகவும், அடுத்த துறை வரைக்கும் ஸ்பானரால் சமாளிக்கலாம் என்றும் உன் மகள் சொன்னாளே, நீ எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டார். அம்மாவின் பெயர் கெடாமல் இருக்க மகள் பொய் சொல்லியிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கேப்டன் குரலைத் தாழ்த்தினார். காலையில் நீங்கள் சண்டை போட்டது படகு முழுக்கக் கேட்டது, சீட்டு இப்போதுதான் வந்தது, பெண்ணுக்கு மனமில்லை என்றால் இந்த லாஞ்சிலேயே கூட்டிப் போய்விடு, துறையில் எனக்கு மாற்று ஆள் ஒருவன் நிற்கிறான், அவனை இதே லாஞ்சில் அனுப்பச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் புறப்பட்டுவிட்டால் யாருக்காகவும் திரும்ப மாட்டேன் என்றார். கால் மணி நேரம் தந்தார்.

சமையலறையில் மகள் தனியாக இருந்தது. பம்பின் தண்டில் ஒரு ஸ்பானரை மாட்டி, நழுவாமல் இருக்கக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டு சுத்தமாக இருந்தது, அதை அவள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மகள் அம்மாவைப் பார்த்தது, அம்மா கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தது.

"வேணும்னே எடுத்துட்டுப் போனியா?"

இல்லடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. "தெரியலடி. சத்தியமா எனக்கே தெரியல" என்றாள்.

மகளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அது குனிந்து கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தது. அவிழ்த்துக்கொண்டே சொன்னது.

"நீ இறங்கிப் போன அஞ்சாவது நிமிஷமே பார்த்துட்டேன். படகு துறையிலதான் இருந்துச்சு. ஒரு குரல் குடுத்திருந்தா உன்னைக் கூப்பிட்டு வந்திருப்பாங்க."

"அப்புறம் ஏன்டி சொல்லல? எட்டுப் பேரு குடிக்கிற தண்ணிடி."

"சொன்னா நீ வருவே. நீ மறுபடி வந்து என் எதிர்ல நின்னா, நான் பையை எடுத்துட்டு உன் பின்னாலேயே இறங்கிடுவேன்னு தெரியும்மா. அவ்வளவு பயமா இருந்துச்சு. போனையும் அதுக்குத்தான் எடுக்கல."

"இப்ப?"

"இப்பவும்தான்."

இத்தனை நேரமும் மகள் தன்னை உதறிவிட்டுப் போகிறது என்று நினைத்திருந்தாள். அது தன்னைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்க்கிறது என்று தெரிந்தபோது, காலையில் கத்தியதைவிட அதிகமாக வலித்தது. வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். இதைவிடச் சுலபமாக அவள் வாழ்க்கையில் எதுவும் கைக்கு வந்ததில்லை.

கைப்பிடியை மகளிடம் நீட்டினாள். மகள் அதைத் தண்டில் செருகி, நழுவாமல் இருக்கக் கம்பிப் பின் ஒன்றைப் போட்டு, அதன் முனையை மடக்கியது. இன்னும் கொஞ்சம் மடக்கு என்று சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். தண்டின் மூலையில் ஸ்பானர் பட்ட கீறலை விரலால் தடவிப் பார்த்தாள், ஆழமில்லை. நூல் ஃபில்டரை ஆறாம் நாள் மாற்று, மாற்றும்போது கையைக் கழுவு, என்ன ஆனாலும் மூடியைத் திறக்காதே என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எல்லாம் மகளுக்குத் தெரிந்ததுதான். அது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. அவள் மகளின் சட்டைக் காலரைச் சரி செய்தாள், சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரி செய்தாள்.

மேலே போனபோது மகளும் பின்னாலேயே வந்தது. நங்கூரம் தூக்குகிற மிஷினின் பக்கத்தில் ஆள் வந்து நின்றாயிற்று. அவள் ஏணியில் இறங்கி லாஞ்சில் கால் வைத்தாள். மகள் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. அதன் கண் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே கேப்டனும் அவளைத்தான் பார்த்தார்.

லாஞ்ச் ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று கேட்டான்.

"ஒரு ஆள்தான்" என்றாள் அவள், மேலே நிற்பவளுக்கும் கேட்கிற மாதிரி. "எடு தம்பி, சீக்கிரம் எடு."